பிழை உணர்தலும் பிழை திருத்தலும்
ஊவா காட்டும் மூன்று வழக்குகள்

பாண்டியன் நெடுஞ்செழியன் தீர ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி அவைக்கண் வழக்குரைத்துச் சிலம்பினை உடைத்துக் காட்டிய அளவில், அவன் தன் பிழையை மறைக்க முயலவில்லை. பொற்கொல்லன் தலையிற் சுமத்தித் தான் தப்ப முயலவுமில்லை. தன்னையே குற்றவாளியெனக் கண்டு அரியணையிலேயே உயிர் நீத்தான். சிலப்பதிகாரம் கூறும் இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் அவன் பிழையினும் அவன் பிழையுணர்ந்த விரைவே நம் நெஞ்சில் நிற்கின்றது.

முடியாட்சியிற் பிழை செய்தவனும் அதற்கு விடை கூறுபவனும் ஒருவனே. குடியாட்சியில் அவ்வாறன்று. ஒரு பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றுகின்றது; அச்சட்டத்தாற் பல்லாயிரவர் தம் வீட்டையும் நாட்டையும் இழக்கின்றனர். சட்டத்துக்குக் கை உயர்த்தினோர் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர். ஆயின் நாடு மறைவதில்லை. உயிர் நீத்துப் பழி துடைத்தல் நாட்டுக்கு இயலாது. வாழ்ந்தே துடைத்தல் வேண்டும். அங்ஙனம் துடைக்கும் முறை யாது? சிறுபான்மையினருக்கும் தொல்குடியினருக்கும் முன்னாளிற் செய்த கொடுமையை ஒரு நாடு பின்னாளில் எவ்வாறு கணக்கெடுத்தல் வேண்டும்? இவ்வினாவினை நம் ஊவா மாகாணத்தை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிற நாடுகள் கண்ட வழி

முதற்கண் உலகினைச் சிறிது நோக்குவாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், ஐக்கிய அமெரிக்கா தன் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவர் ஏறத்தாழ 120,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவருட் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களே. 46 ஆண்டுகள் கழித்து, 1988 இல், அமெரிக்கக் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரியது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் ஈடாக வழங்கவும் விதித்தது. அச்சட்டத்தின் சிறப்பு அத்தொகையில் மட்டும் இல்லை. இன வெறுப்பு, போர்க்காலப் பதற்றம், அரசியற் தலைமையின் தவறு ஆகிய மூன்றுமே அவ்வநீதிக்குக் காரணம் எனச் சட்டமே வெளிப்படக் கூறிற்று.

நியூசிலாந்து, 1840 இல் மவோரி மக்களோடு செய்த வைத்தாங்கி உடன்படிக்கையை மீறிய செயல்களை விசாரிக்க 1975 இல் ஒரு நியாயசபையை நிறுவியது. 1985 இல் அதன் அதிகாரம் 1840 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. அதன் விளைவாகப் பறிக்கப்பட்ட நிலங்களுட் சில மீண்டன. 1995 இல் வைக்காத்தோ மக்களுக்கான மன்னிப்பு அடங்கிய சட்டத்தில் எலிசபெத்து அரசியார் தாமே கையொப்பமிட்டார். அவுஸ்திரேலியா, தாயரிடமிருந்து பிரிக்கப்பட்ட தொல்குடிப் பிள்ளைகளின் பொருட்டு 2008 பெப்ரவரி 13 ஆம் நாள் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. ஆயின் அதே நாட்டு மக்கள், தொல்குடியினருக்கு அரசியலமைப்பில் ஒரு குரல் அளிக்கும் திட்டத்தை 2023 ஒக்டோபரில் நிகழ்ந்த வாக்கெடுப்பில் நிராகரித்தனர். மன்னிப்புக் கேட்டல் எளிது, அதிகாரத்தைப் பகிர்தல் அரிது என்பதற்கு இது சான்றாகும்.

இந்தியாவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரை, காடுவாழ் பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என ஒப்புக்கொள்கின்றது. நடைமுறையிற் குறைகள் பலவாயினும், ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் அச்சொல் ஏறியமை சிறிய செய்தியன்று.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கின், பிழை கணக்கெடுப்பில் நான்கு படிகள் புலனாகும். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறி ஏற்றல் ஒன்று. பறித்த உரிமையை மீட்டளித்தல் இரண்டு. இழப்புக்கு ஈடு செய்தல் மூன்று. அடுத்த தலைமுறை மறவாவண்ணம் கற்பித்தல் நான்கு. முதலாவதை ஒப்புதல் என்றும், ஏனையவற்றை மீட்பு, ஈடு, நினைவு என்றும் கூறுவாம். இந்நான்கும் ஊவாவில் எவ்வளவிற்கு நிகழ்ந்தன?

2. முதல் வழக்கு: வெல்லசைப் பேரழிவு

மடுல்சீமை மலையினின்று கீழிறங்குவார் வெல்லசையையும் பிந்தென்னையையும் அடைவர். இலட்சம் வயல் என்னும் பொருள்பட வெல்லசை எனப் பெயர் பெற்றது என்பர். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. மூன்றாண்டுகள் கழியுமுன்னரே, 1817 இல், ஊவாவிற் கிளர்ச்சி எழுந்தது. பதுளையிலிருந்து சென்ற பிரித்தானிய அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெற்றிப்பொலவே கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்து அதற்குத் தலைமை தாங்கினார்.

ஈண்டு தமிழ் மாணவர் கருத்தில் இருத்தற்குரிய செய்தியொன்றுண்டு. அக்கிளர்ச்சியாளர் அரசனாக ஏற்றுக்கொண்டவர் வில்பாவே என்பவர்; அவர் தம்மை நாயக்கர் வழிவந்த துரைசாமி என்றே அறிவித்தார். தமிழ்ப் பெயர் பூண்ட ஒருவரைத் தம் அரசனென ஏற்க 1817 இல் ஊவாச் சிங்கள மக்கள் தயங்கவில்லை. 131 ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்ததனோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

தேசாதிபதி பிரவுண்ரிக் கிளர்ச்சியை இரக்கமின்றி நசுக்கினான். வீடுகள் எரிக்கப்பட்டன, பயிரும் கால்நடையும் அழிக்கப்பட்டன, பஞ்சமும் நோயும் தொடர்ந்தன. அக்காலத்தே இலங்கையிற் பணியாற்றிய படை வைத்தியர் யோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில், நாட்டு மக்களின் உயிரிழப்பு ஏறத்தாழப் பதினாயிரம் ஆகலாம் என மதிப்பிட்டார். கெப்பெற்றிப்பொல 1818 நவம்பர் 26 ஆம் நாள் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர்தம் மண்டையோடு ஆராய்ச்சிப் பொருளாக எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இப்பிழையைச் சுதந்திர இலங்கை எவ்வாறு கணக்கெடுத்தது? மண்டையோடு 1954 இல் மீட்கப்பட்டுக் கண்டியில் நினைவுச்சின்னத்தின்கீழ் வைக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகளெனக் கூறிய பிரித்தானிய அறிவித்தல் 2016 இல் சனாதிபதியால் நீக்கப்பட்டது. 2017 இல் மேலும் பலர் அவ்வாறே பழி நீங்கினர். பாடநூல்கள் அவர்களை வீரரெனப் போற்றுகின்றன. நினைவு என்னும் படி இங்கு நிறைவேறியது எனலாம். இது தக்கதே. ஆயினும் ஒன்று நோக்குக: இங்குப் பிழை செய்தவர் அந்நியர். பிறர் செய்த பிழையை எண்ணுதற்கு ஒரு நாட்டுக்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை.

3. இரண்டாம் வழக்கு: காட்டை இழந்த வேடர்

பதுளை மாவட்டத்தின் வடகிழக்கே, மகியங்கனைக்கு அப்பால், தம்பானை என்னும் ஊர் உளது. இலங்கையின் தொல்குடியினரான வேடர் அங்கு வாழ்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலால் இம்மக்களை உலகம் அறிந்தது. அறிந்த உலகம் அவர்களை வியப்புப் பொருளாகக் கண்டதேயன்றி உரிமையுடைய மக்களாகக் காணவில்லை.

1840 ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டம், உடைமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியவையெனக் கொண்டது. எழுத்துப் பத்திரமே அறியாத வேடருக்கு அவர்தம் காடு ஒரே நாளில் அயலாருடையதாயிற்று. சுதந்திரத்தின் பின்னும் நிலைமை மாறவில்லை. கல்லோயாத் திட்டமும், 1977 இன் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் காட்டின் பெரும்பகுதியைக் குடியேற்றங்களாக்கின. 1983 நவம்பரில் மாதுறுஓயாத் தேசிய வனம் பிரகடனஞ் செய்யப்பட்டது. 58,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட அந்நிலப்பரப்பில் வேட்டையாடலும் தேனெடுத்தலும் குற்றங்களாயின. பல குடும்பங்கள் ஹேனானிகலை முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. தலைவர் திசாகாமியும் சில குடும்பத்தாரும் மட்டும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். தந்தையும் பாட்டனும் வாழ்ந்த வழியில் வாழ்ந்தவன், ஒரு வர்த்தமானி அறிவித்தலாற் சட்டவிரோதி ஆயினான்.

2007 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை தொல்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 144 வாக்குகளால் நிறைவேற்றியபோது இலங்கை அதனை ஆதரித்தது. அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்குமே எதிர்த்து வாக்களித்தன; பின்னர் அவையும் தம் நிலையை மாற்றின. ஆயின் சபையிலே கை உயர்த்திய நாட்டின் காட்டிலே வேடனின் உரிமை அதனால் மீண்டுவிடவில்லை.

இவ்விடத்துச் சைவராகிய நாமும் நம்மை நோக்குதல் வேண்டும். கதிர்காமம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்த தலம். முருகன் மணம்புரிந்த வள்ளி வேடர் குலத்து வளர்ந்தவள். ஆண்டுதோறும் காவடி எடுத்துச் செல்லும் நாம் வள்ளியை அம்மையென வணங்குகின்றோம்; வள்ளியின் உறவினர்க்கு நேர்ந்ததைக் கேட்க மறந்தோம். வாகரை முதலிய கிழக்குக் கரையூர்களில் வேடர் சிலர் தமிழையே தாய்மொழியாகக் கொண்டுள்ளனர் என்பதும் நம்மிற் பலர் அறியாதது.

4. மூன்றாம் வழக்கு: நாடிழந்த தோட்ட மக்கள்

மூன்றாவது வழக்கு நம் மாணவருட் பலருடைய குடும்ப வரலாறேயாகும். கோப்பிப் பயிர்ச்செய்கைக்கெனத் தமிழகத்தினின்று அழைத்துவரப்பட்டோர் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் மிகப் பலர். மடுல்சீமை அக்கோப்பி வரலாற்றில் ஒரு தனியிடம் பெற்றது. 1869 இல் கோப்பிச் செடியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதற் காணப்பட்டது இப்பகுதித் தோட்டங்களிலேயே. கோப்பி மறைந்து தேயிலை வந்தது. பயிர் மாறியும் லயன் வாழ்க்கை மாறவில்லை. கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறை 1921 இலேதான் ஒழிந்தது.

1946 குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் 780,589 பேர். நாட்டு மக்களுள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது, எஸ். தொண்டமானும் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவருட் சிலர். சுதந்திரம் பெற்ற அதே 1948 இல் பதினெட்டாம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்தவர் என்பது மட்டும் போதாது; தந்தையும் இங்குப் பிறந்தவரென, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவரெனக் காட்டல் வேண்டும் என அது விதித்தது. பிறப்பைப் பதியும் வழக்கமே நன்கு வேரூன்றாத லயன்களில் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டால் யார் காட்டுவர்? 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்ததுபோற் காட்டிப் பல தடைகளை வைத்தது. அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் குடியுரிமையற்றோரின் வாக்கைப் பறித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. அவருட் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர். 1952 தேர்தலில் அம்மக்களின் காங்கிரசு ஓர் உறுப்பினரையும் அனுப்ப இயலவில்லை. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்காற் பாராளுமன்றம் சென்றது 1977 இலேயாம்.

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 975,000 பேருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். யாரைப் பற்றி ஒப்பந்தம் செய்யப்பட்டதோ அவர்களை யாரும் கேட்கவில்லை. பதுளையில் இரயிலேறித் தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் பல. அண்ணன் அங்கும் தம்பி இங்குமாக உறவுகள் அறுந்தன. நீலகிரியிற் கூடலூர்ப் பக்கத்தே, தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அவர்தம் வழிவந்தோர் வாழ்கின்றனர்.

பிழை திருத்தம் மெல்ல வந்தது. 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒரு பகுதியினருக்குக் குடியுரிமை அளித்தன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழும் இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் குடியுரிமை வழங்கியது. 55 ஆண்டுகளின் பின் மீட்பு என்னும் படி நிறைவேறியது எனலாம். இதனைப் பாராட்டாது விடுதல் நன்றியன்று. ஆயின் அச்சட்டம் உரிமையை அளித்ததேயன்றி, 1948 இல் அதனைப் பறித்தமை அநீதி என்று கூறவில்லை. கொடையாளி கொடுப்பதுபோற் கொடுத்தது. கடனாளி திருப்புவதுபோல் திருப்பவில்லை. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் மையம் எனக் கொள்க.

ஒப்புதல் இன்றி மீட்பு மட்டும் வரின் என்ன குறை எனச் சிலர் வினவலாம். குறை இதுவே: பிழையின் வேர் காணப்படாமையால் அதன் கிளைகள் வெட்டப்படாது நிற்கும். குடியுரிமை பெற்ற பின்னரும், 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் அச்சபைகள் தொண்டாற்றத் தடையாயிருந்தது; அது திருத்தப்பட்டது 2018 இலேயாம். வரி பெறும் பொருள்களுக்கு வாக்குக் கொடுத்தவன், தன் லயன் வாசலுக்கு ஒரு பாதை கேட்க உரிமையற்றிருந்தான். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, நம் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தை லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன. அவ்விடம் பாதுகாப்பற்றதென்னும் எச்சரிக்கை முன்னரே இருந்தது. செல்வதற்கு வேறு நிலம் இல்லாதவனுக்கு எச்சரிக்கையால் ஆவதென்ன? ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் 2015 இன் பின்னரே உருப்பெறத் தொடங்கிற்று. ஈடு என்னும் படியில் நாம் இன்னும் முதலடியிலேயே நிற்கின்றோம்.

இந்நாட்டு அரசுத் தலைவர் எவரும் மன்னிப்பே கேட்டதில்லை எனக் கூறுதல் பொருந்தாது. 1983 யூலைக் கொடுமைக்காகச் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2004 இல் தமிழ் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். ஆதலின் அவ்வழி நமக்கு அறியாததன்று, நடந்து செல்லாததேயாம்.

5. நம் கணக்கு

பிறர் கணக்கைப் பார்க்கும் நாம் நம் கணக்கை மூடி வைத்தல் நேர்மையன்று. 1948 இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரசுத் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், விரைவில் அமைச்சரவையிற் சேர்ந்து, அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைக் கண்டனர். ஆகவே தோட்டத் தமிழரின் உரிமையிழப்பிலே தமிழருக்குப் பங்கே இல்லை எனக் கூறவியலாது. மலைநாட்டாரைத் தாழ்வாகப் பேசிய வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. தமிழ் மொழி ஒன்றாயினும் தமிழர் மனம் ஒன்றாயிருக்கவில்லை.

இன்னும் அணித்தே வருவோம். யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாயிலில் 1968 இல் சைவரே சைவரைத் தடுத்து நின்றனர். சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டம் 1957 இலேயே இயற்றப்பட்டிருந்தும் அது நிகழ்ந்தது. தோட்டங்களிலும் ஒரே லயன் வரிசையில் வாழ்ந்து, ஒரே மலையிற் கொழுந்து பறித்து, ஒரே துரையின் வசைகேட்ட மக்கள் திருவிழாவன்று சாதி பார்த்துப் பிரிந்து நின்றதுண்டு. பெரும்பான்மையிடம் நாம் கேட்கும் ஒப்புதலை, நம்மிற் சிறுபான்மையோர் நம்மிடம் கேட்கும்போது கொடுக்கின்றோமா?

6. முடிவுரை

மூன்று வழக்குகளும் ஒரே மாகாணத்தில் நிகழ்ந்தவை. முதலாவதில் நாடு அந்நியன் பிழையை எண்ணி, நினைவை நிலைநாட்டிற்று. மூன்றாவதில் தன் பிழையைச் சொல்லாமலே பாதி திருத்திற்று. இரண்டாவதில், கை உயர்த்தி ஒப்பியும், காட்டில் எதனையும் மாற்றவில்லை. பாதிக்கப்பட்டோரின் தொகை குறையுந்தோறும், பிழை செய்தவர் நம்மை நெருங்குந்தோறும், கணக்கெடுப்பும் சுருங்குகின்றது. இவ்விதி ஊவாவுக்கு மட்டும் உரியதன்று, உலகுக்கும் பொருந்தும்.

சட்டம் செய்வது நம் கையில் இல்லை. நினைவு என்னும் நான்காம் படியோ ஆசிரியர் கையிலும் மாணவர் கையிலும் உள்ளது. 2023 இல், மலையக மக்கள் வந்த 200 ஆண்டு நிறைவினை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்று முன்னோர் வழியை நினைவுகூர்ந்தனர். அந்நடை முடிந்தது, எழுத்து வேலை முடியவில்லை. பழைய குடியுரிமை விண்ணப்பம், மறுத்து வந்த கடிதம், இந்தியக் கடவுச்சீட்டு, தோட்டத்துப் பிறப்புத் துண்டு ஆகியன இன்னும் பல வீடுகளில் தகரப்பெட்டியின் அடியிற் கிடக்கின்றன. கப்பலேறிய உறவினரை வழியனுப்பியோர் சிலர் இன்றும் உயிரோடுள்ளனர். மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியவர் ஒருவரின் சொல்லை ஆண்டும் ஊரும் பெயரும் பிழையாமல் எழுதி வைப்பாராயின், அத்தொகுதி எந்தப் பாராளுமன்றத்தின் முன்னும் வைக்கத்தக்க சான்றாகும். அவ்வாறே வெல்லசைச் சிங்களக் குடியானவனின் கதையையும் தம்பானை வேடனின் கதையையும் தம் கதையோடு சேர்த்துக் கற்பாராயின், ஒருவர் துயரை மற்றவர் துயரால் மறைக்கும் வழக்கமும் ஒழியும்.

கண்ணகி அவைக்கு வெறுங்கையோடு செல்லவில்லை. சிலம்பொன்று கையில் இருந்தது. நீதி கேட்போர் கையிற் சான்று இருத்தல் வேண்டும். அதனைத் தேடித் தொகுத்தலே வரலாறு கற்போரின் கடமை என்க.